மின்னசோட்டா பறவைக்கு ஏன் சிவப்புக் கண்?

நூலும் ஊசியும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்க ஊர்ப் படங்கள் போட்ட சாக்ஸ் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், விடுமுறைக்கு வந்துபோன பிள்ளைகளின் பெட்டியில் ஆளுக்கு ஒரு ஜோடியாவது இருந்திருக்கும் போலிருக்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கோவையில் பின்னலாடைத் தொழில்நுட்பம் படித்தேன். திருப்பூரில் 6 வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் சிகாகோ பக்கம் ஒரு சிறிய சாக்ஸ் பட்டறையில் 19 வருடம், ஓவியர்கள் வரைந்து தரும் படங்களைக் கட்டம் கட்டமாக மாற்றி மெஷினுக்குக் கொடுக்கும் வேலை. எனக்கு மிகப் பிடித்த வேலை அது. அதனால் இந்த மாதம் முழுக்க சாக்ஸ்தான்.

மினியாபொலிஸில் இருக்கும் மகன் ஒரு ஜோடி சாக்ஸ் கொண்டுவந்தான். ஒன்றில் கறுப்பு வெள்ளைப் புள்ளிப் பறவை, மற்றதில் பாறை மேல் ஒரு கலங்கரை விளக்கம். விலை 15 டாலராம்! உறவினர்கள் கேட்டுவிட்டு, காலில் போடுவதற்கா இவ்வளவு என்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது இதில்?
வாசகி, ஈரோடு

அந்தப் பறவையை எனக்கு நன்றாகத் தெரியும் அம்மா. அதன் பெயர் லூன். மின்னசோட்டா மாநிலத்தின் பறவையாக 1961இல் அறிவித்தார்கள். ஏரிகள் நிறைந்த அந்த ஊரில், ராத்திரியில் தண்ணீருக்கு மேல் அது கூப்பிடும் குரலைக் கேட்டவர்களுக்கு வேறு அடையாளம் தேவையில்லை. கலங்கரை விளக்கம் ஸ்பிளிட் ராக். 1905 நவம்பரில் அடித்த பெரும் புயலில் சுப்பீரியர் ஏரியில் கப்பல்கள் சிதைந்தன. அதற்குப் பிறகு கட்டி, 1910இல் விளக்கேற்றினார்கள். 1969இல் பணி முடிந்தது. இன்றைக்கும் ஆட்கள் அதைப் பார்க்கத்தான் அந்தக் கரைக்குப் போகிறார்கள்.

உங்கள் மகன் கொண்டுவந்தது யார் செய்தது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் ஒரு லூன் சாக்ஸ் செய்த கதையைச் சொல்கிறேன். 15 டாலர் எங்கே போகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

மின்னசோட்டாக்காரரான ஓவியர் ஒருவர் நீர்வண்ணத்தில் வரைந்து அனுப்பினார். எண்ணிப் பார்த்தால் முப்பது நிறத்துக்குக் குறையாது. சாக்ஸ் மெஷின் என்பது வட்டமான சிலிண்டர். அதைச் சுற்றி ஊசிகள் நிற்கும். எங்களிடம் இருந்தது 168 ஊசி. ஒவ்வொரு ஊசியும் ஒரு வரிசைக்கு ஒரு கண்ணி போடும். ஆக, காலைச் சுற்றி 168 கட்டம். அவ்வளவுதான் காகிதம். ஒரு வரிசையில் அடி நூலையும் சேர்த்து ஆறு நிறத்துக்கு மேல் அந்த மெஷின் எடுக்காது. முப்பதை ஆறாக்க வேண்டும். ஏரியின் நீலத்தில் நாலு சாயல் இருந்தது, இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. எதை விடுவது என்று அந்த ஓவியரும் நானும் மூன்று வாரம் தொலைபேசியில் பேசியிருக்கிறோம்.

முதல் மாதிரி மெஷினிலிருந்து இறங்கியதும் எல்லோருக்கும் திருப்தி. முதுகின் வெள்ளைக் கட்டங்கள் பின்னலுக்கென்றே பிறந்த மாதிரி உட்கார்ந்துவிட்டன. மாதிரியை மின்னசோட்டாவுக்கு அனுப்பினோம். நாலாம் நாள் ஓவியர் கூப்பிட்டார். தன் அப்பாவிடம் காட்டியிருக்கிறார். பெரியவர் பார்த்துவிட்டு, "இது எங்கள் பறவை இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். கண் இல்லை.

கோடையில் லூனுக்குக் கண் ரத்தச் சிவப்பாக இருக்கும். நான் அதற்கு ஒரே ஒரு கண்ணி சிவப்பு வைத்திருந்தேன். ஒற்றைக் கண்ணியாக வரும் நூல் பிடிமானம் இல்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். சாக்ஸைக் காலில் போட்டு இழுத்தால் அந்த இடம் கறுப்பாகத்தான் தெரியும். கண்ணை இரண்டு கண்ணி அகலம், இரண்டு வரிசை உயரம் ஆக்கினேன். உடனே தலை சிறியதாகத் தெரிந்தது. தலையைப் பெரிதாக்கினேன், கழுத்துப் பட்டை இடித்தது. மறுபடி முழுப் பறவையையும் வரைந்தேன். ஐந்தாவது மாதிரியில்தான் பெரியவர் சரி என்றார்.

ஒரு ஊரின் பெயரை எழுதி, வரைபடத்தைப் போட்டு, நடுவில் இதயம் வைத்து விற்கிற சாக்ஸும் உண்டு. அது மூன்று டாலருக்குக்கூடக் கிடைக்கும். உங்கள் மகன் வாங்கியது அது இல்லை. பறவையின் கண்ணைப் பாருங்கள். சிவப்பாக, இரண்டு கண்ணிக்குக் குறையாமல் இருந்தால், அந்த ஊரை அறிந்தவர் ஒருவர் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். உறவினர்களிடம் இதையே சொல்லுங்கள்.

என் தாத்தாவின் தம்பி 1950களில் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் அனுப்பிய தபால் அட்டைகளில், ஊர்ப் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் மிகப் பெரிதாக இருக்கும். எழுத்துக்குள்ளேயே கடற்கரை, கட்டடம் எல்லாம் வரைந்திருக்கும். அதே மாதிரி சாக்ஸில் பார்த்தேன். இது யார் கண்டுபிடித்த பாணி? பழைய பொருளை ஏன் சாக்ஸில் கொண்டுவருகிறார்கள்?
வாசகர், நாகர்கோவில்

முதலில், அந்த அட்டைகளை வெயில் படாமல் வையுங்கள் ஐயா. பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடாதீர்கள். நல்ல காகித உறை போதும்.

ஜெர்மனியில் 1890களிலேயே "இந்த ஊரிலிருந்து வாழ்த்து" என்று அச்சிட்ட அட்டைகள் இருந்தன. அந்த நாட்டிலிருந்து வந்த கர்ட் டைக் என்பவர் 1898இல் சிகாகோவில் அச்சகம் தொடங்கினார். பெரிய எழுத்து அட்டையை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனது அந்த அச்சகம். 1978 வரை நடந்தது. அதன் ஆவணங்கள் இப்போது சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அட்டையை விட, அட்டை உருவான காகிதங்கள்தான் என்னைக் கட்டிப்போட்டன.

ஊரிலிருந்து கறுப்பு வெள்ளைப் புகைப்படம் வரும். அதன் மேல் கலைஞர்கள் கை வைப்பார்கள். தந்திக் கம்பத்தை அழிப்பார்கள். வானத்தில் மேகம் வைப்பார்கள். கூரைக்கு என்ன நிறம், காருக்கு என்ன நிறம் என்று ஊர்க்காரர் எழுதிக் கொடுப்பார். 1930களின் தொடக்கத்தில், துணி போல் வரிவரியாக மேடு பள்ளம் வைத்த காகிதத்தில் அச்சிடத் தொடங்கினார்கள். மை சீக்கிரம் காயும், நிறம் பளிச்சென்று நிற்கும். லினன் அட்டை என்று அதற்குப் பெயர். உங்கள் தாத்தாவின் தம்பி அனுப்பியதைத் தடவிப் பாருங்கள். விரலுக்குத் துணி மாதிரித் தெரிந்தால் அது லினன் அட்டை.

ஏன் பழையதை எடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். ஏக்கம் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மெஷின் முன்னால் நின்றவளுக்கு வேறொன்று தெரியும். அந்தக் காலத்து நினைவுப் பொருள்கள் எல்லாமே குறைந்த நிறத்தில் செய்யப்பட்டவை. கம்பளித் துணியில் வெட்டிய முக்கோணக் கொடியில் எழுத்துக்கு ஒரு நிறம், படத்துக்கு இரண்டு மூன்று. கார் கண்ணாடியில் தண்ணீர் தொட்டு ஒட்டும் ஊர்ப் படங்களும் அப்படியே. 1938 முதல் 1941 வரை அமெரிக்க அரசு, வேலையில்லாத கலைஞர்களுக்கு வேலை கொடுக்கும் திட்டத்தில், தேசியப் பூங்காக்களுக்காக 14 சுவரொட்டிகள் போட்டது. எல்லாம் பட்டுத்திரை அச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனித் திரை, ஒரு தனி இழுப்பு. மலைக்கு ஒரு ஊதா, நிழலுக்கு அதை விட அழுத்தமான இன்னொரு ஊதா, வானத்துக்கு ஒரு மஞ்சள், முடிந்தது. 1970களில் ஒரு ரேஞ்சர், எரிக்கப்போகிற குப்பையிலிருந்து அதில் ஒன்றைக் காப்பாற்றி எடுத்திருக்காவிட்டால் இன்று பலருக்கு அந்த வரிசை இருந்ததே தெரிந்திருக்காது.

இப்போது 168 ஊசியையும் ஆறு நிறத்தையும் நினைத்துப் பாருங்கள். பட்டுத்திரைக் கலைஞர் 1938இல் எந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டாரோ, சாக்ஸுக்குக் கிராஃப் போடுகிறவளும் அதையேதான் கேட்டுக்கொள்கிறாள்: இந்த மலையை மலையாக வைத்திருக்கும் ஆகக் குறைந்த நிறம் எத்தனை? அதனால்தான் பழைய சுவரொட்டி சாக்ஸில் இயல்பாக உட்காருகிறது. புகைப்படம் உட்காராது. பாலியெஸ்டர் சாக்ஸின் மேல் புகைப்படத்தை அப்படியே அச்சடித்துத் தருகிறவர்கள் உண்டு. காலில் ஏற்றும்போது துணி விரிந்து, அச்சின் நடுவே அடி வெள்ளை பல்லிளிக்கும். பின்னி எடுத்த நிறத்துக்கு அந்தக் கதி வராது. நிறம் நூலிலேயே இருக்கிறது.

பெரிய எழுத்து அட்டை மட்டும் சாக்ஸுக்குச் சிரமமானது. எழுத்துக்குள் படம், படத்துக்குள் கட்டடம், கட்டடத்துக்குள் ஜன்னல் என்று போனால் கட்டம் போதாது. பெயரை முழுவதும் வைக்காமல் ஓர் எழுத்துக்கு ஒரே ஒரு பொருள் என்று வைத்த சாக்ஸ்கள்தான் நன்றாக வந்திருக்கின்றன.

மருமகள் தந்த சாக்ஸ் மிக அழகு. ஆனால் போடும்போதெல்லாம் மெட்டி உள்ளே நூலில் மாட்டிக்கொள்கிறது. இரண்டு இடத்தில் நூல் வெளியே வந்துவிட்டது.
வாசகி, திருநெல்வேலி

சாக்ஸை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். படம் இருக்கும் இடத்தில் குட்டிக் குட்டி நூல் முனைகள் தும்பு தும்பாக நிற்கும். ஒரு நிறம் வேலை செய்யாத இடத்தில் அந்த நூல் உள்ளே தொங்கும், மெஷினே அதை வெட்டிவிடும். சில மெஷின்களில் வெட்டாமல் நீளமாக விட்டிருப்பார்கள். மெட்டி மாட்டுவது அதில்தான்.

வந்த நூலை இழுக்காதீர்கள், கத்தரிக்காதீர்கள். ஒரு பின்னல் ஊசியால் உட்பக்கம் தள்ளிவிடுங்கள். இனி போடும்போது கால்விரல்களுக்கு மெல்லிய பருத்திச் சாக்ஸ் ஒன்று முதலில் போட்டு, அதன் மேல் இதைப் போடலாம். அடுத்த முறை மருமகளிடம், படம் கணுக்காலுக்கு மேலேயும் பாதம் வெறும் நிறமாகவும் இருப்பதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். துவைப்பது எப்போதும் உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில். வெந்நீரும் சூடான டிரையரும் உள்ளே இருக்கும் ரப்பர் போன்ற இழையைக் கெடுத்துவிடும்.

குடந்தையில் ஓவியம் படிக்கிறேன். இந்த மாதிரிச் சாக்ஸுக்கு வரைய ஆசை. அமெரிக்க மாநிலம் ஒன்றை எடுத்துப் பயிற்சியாக வரையலாம் என்று ஃபுளோரிடாவுக்கு ஃபிளமிங்கோ வரைந்திருக்கிறேன். படம் இணைத்திருக்கிறேன். எப்படி இருக்கிறது?
மாணவர், கும்பகோணம்

கோடு நன்றாக இருக்கிறது தம்பி. கழுத்தின் வளைவில் தயக்கமே இல்லை. ஆனால் நீங்கள் வரைந்திருப்பது தோட்டத்தில் நிற்கும் பிளாஸ்டிக் ஃபிளமிங்கோ. இரண்டு கம்பிக் காலோடு வரைந்திருப்பதில் தெரிகிறது. அது பிறந்தது ஃபுளோரிடாவில் இல்லை. வடக்கே மாசசூசெட்ஸில் லெமின்ஸ்டர் என்ற ஊரில், டான் ஃபெதர்ஸ்டோன் என்ற சிற்பி 1957இல் அதை வடித்தார். குளிரும் பனியும் உள்ள ஊரிலிருந்து தெற்கின் வெயிலை நினைத்துச் செய்த பறவை. லெமின்ஸ்டருக்காரர் காலில் போட்டுக்கொள்ள அது அருமையான படம். ஃபுளோரிடாவுக்கு வரைவதானால் ஆரஞ்சு, முதலை, பழைய சாலையோரக் கடைகளின் கிளிஞ்சல் பெட்டி என்று எடுங்கள்.

இன்னொன்றும் அந்தப் பறவையில் இருக்கிறது. ஜோடியாகத்தான் விற்றார்கள். ஒன்று நிமிர்ந்து நிற்கும், ஒன்று குனிந்து மேயும். சாக்ஸும் ஜோடி! இடது காலில் நிமிர்ந்தது, வலது காலில் குனிந்தது. இதற்கு மெஷினில் இரண்டு தனி புரோகிராம் வேண்டும், செலவு கூடும். ஆனாலும் நான் இதற்காகச் சண்டை போடுவேன்.

வரைவதற்குச் சில விஷயம். 168 கட்டத்தில் எதிரே நிற்பவர் கண்ணுக்குப் படுவது பாதி, 84 கட்டம். முக்கியமானது எல்லாம் அந்த 84க்குள் இருக்கட்டும். காலில் ஏறும்போது பின்னல் அகலவாக்கில் விரியும். நீங்கள் வட்டம் வரைந்தால் காலில் பூசணி மாதிரி படுத்துவிடும். முட்டையை நிறுத்தி வைத்தது போல் வரையுங்கள், காலில் வட்டமாகும். குதிகாலை மெஷின் சுற்றிப் பின்னாது, பாதி ஊசியில் முன்னும் பின்னும் போய் வரும். அந்த நேரம் முன்பக்கப் படம் அப்படியே நிற்கும். அதனால் கணுக்கால் மடிப்புக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள், நசுங்கும். குதிகாலுக்கும் விரல் முனைக்கும் தனி நிறம் கொடுத்துவிடுங்கள். பழைய முக்கோணக் கொடிகளில் ஓரம் வைத்தது போல் அது படத்துக்கு ஒரு சட்டமாகவும் ஆகிவிடும்.

பாதத்தில் எழுத்து வைப்பதானால் யார் படிப்பதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். போட்டிருப்பவர் குனிந்து படிக்கவா, அவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது எதிரே இருப்பவர் படிக்கவா? இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். இதை யோசிக்காமல் ஒரு வாடிக்கையாளருக்கு 600 ஜோடி போட்டுவிட்டு, திரும்ப வந்த பெட்டிகளைப் பார்த்து நாங்கள் எல்லோரும் வாய்மூடி நின்ற நாள் எனக்கு மறக்காது. கிராஃப் என்னுடையது.

பழைய படத்தை அப்படியே எடுக்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். நான் சொன்ன அந்தத் தேசியப் பூங்காச் சுவரொட்டிகள் அரசு செய்தவை, பொதுச் சொத்து. தனியார் அட்டைகளுக்கு அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு ஆகியிருந்தால் பயமில்லை, அதற்குப் பிந்தையதை ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். ஆனால் பிரதி எடுப்பதற்காகவா ஓவியம் படிக்கிறீர்கள்? பழையதிலிருந்து அந்தச் சிக்கனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படம் உங்களுடையதாக இருக்கட்டும்.

அரிசோனாவில் சாலையோரக் கடையில், இறகுத் தலைப்பாகை வைத்த செவ்விந்தியர் முகம் போட்ட சாக்ஸ் வாங்கினேன். பழைய பயணச் சின்னம் என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண் பார்த்து முகம் சுளித்தாள். தவறாக வாங்கிவிட்டேனா?
வாசகி, தற்போது ஃபீனிக்ஸில்

உங்கள் மேல் தவறில்லை. செய்தவர் மேல் உண்டு. பழைய நினைவுப் பொருள்களை நான் நேசிக்கிறேன். அதற்காக அதில் இருந்த எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரக் கூடாது. அந்த மண்ணின் பூர்வகுடிகளையும் கறுப்பின மக்களையும் கேலிப் பொம்மையாக்கிய உப்புக் குப்பி, அட்டை, சாம்பல் கிண்ணம் எல்லாம் அன்றைக்கு ஆயிரக்கணக்கில் விற்றன. இன்னொன்று, அந்த நீண்ட இறகுத் தலைப்பாகை வடக்குச் சமவெளி மக்களுடையது, மரியாதைக்குரியவர் மட்டும் அணிவது. அரிசோனாவில் வாழும் நவஹோ, ஹோப்பி மக்களுடையது இல்லை. ஊர்ப்பெருமை என்று போட்டுவிட்டு ஊரே தவறு.

பூர்வகுடிகள் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதற்கு எதிராக அமெரிக்காவில் 1990இல் சட்டம் வந்தது. நவஹோ தேசம் தன் பெயரைத் துணிமணிகளில் பயன்படுத்தியதற்காக அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் நிறுவனத்தின் மேல் 2012இல் வழக்குப் போட்டு, 2016இல் சமரசம் ஆனது. அரிசோனா நினைவுக்கு சகுவாரோ கள்ளிச்செடி இருக்கிறது, அங்கே மாலை வானத்தின் நிறம் இருக்கிறது. நவஹோ வடிவம்தான் பிடித்திருக்கிறது என்றால், நவஹோ கலைஞரே வரைந்து அவர் பெயர் போட்டு விற்பதைத் தேடி வாங்குங்கள்.

மகளின் புகுந்த வீடு மிச்சிகன். சம்பந்தி வீட்டாருக்கு அவர்கள் ஊர் சம்பந்தப்பட்ட சாக்ஸ் கொடுக்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?
வாசகர், சேலம்

பெட்டோஸ்கி கல் போட்டது கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். 35 கோடி வருடத்துக்கும் முந்தைய பவளத்தின் எச்சம் அது. மிச்சிகனின் கல்லாக 1965இல் அறிவித்தார்கள். காய்ந்திருந்தால் சாதாரணச் சாம்பல் கூழாங்கல். தண்ணீரில் நனைத்ததும் தேன்கூடு போல் அறுகோணங்கள் எழுந்து வரும். அங்கே வளர்ந்த ஒவ்வொருவரும் சின்ன வயதில் ஏரிக்கரையில் குனிந்து அதைத் தேடியிருப்பார்கள். இரண்டே நிறத்தில் காலைச் சுற்றி அறுகோணமாக ஓடும்படி பின்னினால் சாக்ஸுக்கு அதை விடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. வெளியூர்க்காரருக்கு ஏதோ கோலம் மாதிரி இருக்கும். சம்பந்தி வீட்டார் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள்.

அது கிடைக்காவிட்டால், மாநில வரைபடத்தைக் கை வடிவில் போட்டது வாங்கலாம். மிச்சிகன்காரர்கள் தங்கள் ஊர் எங்கே என்று கேட்டால் உள்ளங்கையை விரித்து அதில் தொட்டுக் காட்டுவார்கள். வரைபடம் போட்ட சாக்ஸில் நான் மனதார ஏற்றுக்கொள்வது இது ஒன்றைத்தான்.

காலில் போடுவதில் ஊர்ப்பெருமையா? நம் வழக்கத்தில் காலில் பட்டதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். தமிழ்நாட்டுக்கும் இப்படிச் சாக்ஸ் வர வேண்டும் என்று என் பேத்தி சொல்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை.
வாசகர், ஸ்ரீரங்கம்

உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது ஐயா. நானும் அப்படி வளர்ந்தவள்தான். புத்தகம் காலில் பட்டால் இன்றைக்கும் என் கை தானாகக் கண்ணுக்குப் போகும்.

அங்கே காலுக்கு அந்தப் பொருள் இல்லை. 2017 ஜூலையில் கனடாவின் பிரதமர் ட்ரூடோ டப்ளின் போனபோது அயர்லாந்துப் பிரதமர் வரத்கர் மேப்பிள் இலையும் கனடாவின் குதிரைப் போலீசும் போட்ட சாக்ஸ் அணிந்து வரவேற்றார். விருந்தாளியின் நாட்டுக்குச் செய்த மரியாதையாகவே அதை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் கொடியை உடையாக்கக் கூடாது என்று நெறிமுறை உண்டு, மீறினால் தண்டனை கிடையாது. நம் நாட்டில் அப்படியில்லை. தேசிய மரியாதையை அவமதிப்பதற்கு எதிரான 1971 சட்டத்தில் 2005இல் திருத்தம் வந்தபோது, இடுப்புக்குக் கீழே அணியும் எதிலும் தேசியக் கொடி கூடாது என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். ஆக, மூவர்ணச் சாக்ஸ் என்ற பேச்சே இல்லை.

பேத்தியோடு உட்கார்ந்து பேசுங்கள். கோபுரம் வேண்டாம், தெய்வம் வேண்டாம், தமிழ் எழுத்தும் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் உங்கள் பக்கம். ஆனால் நீலகிரி மலை ரயில்? நீலமும் கிரீமும் இரண்டே நிறம், பின்னால் ஒரு பச்சை. 1899இல் குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்தால் பிடித்து ஏறி, 1908இல் ஊட்டியைத் தொட்ட வண்டி அது. காலைச் சுற்றி ஏறுவது போல் சாய்வாக வைத்தால் எப்படி இருக்கும்! பனங்காய் வெட்டில் தெரியும் மூன்று நுங்குக் கண், டபரா டம்ளர், வரையாட்டின் கொம்பு. இவை காலில் நடப்பதில் யாருக்கும் வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன். உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன். பேத்தி ஏதாவது வரைந்திருந்தால் அதையும் அனுப்பச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் எங்கே தயாராகின்றன? அமெரிக்க ஊர்ப்பெருமை, ஆனால் உள்ளே "சீனாவில் செய்தது" என்றிருக்கிறதே?
வாசகர், கரூர்

அலபாமாவில் ஃபோர்ட் பெயின் என்ற சிறிய ஊர். 1907இல் அங்கே முதல் காலுறை ஆலை வந்தது. உச்சத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள், "உலகின் சாக்ஸ் தலைநகரம்" என்று பெயர்ப்பலகையே வைத்துக்கொண்டார்கள். 2000களில் இறக்குமதி வந்ததும் சில வருடத்தில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்தப் பெயர் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் உள்ள டாட்டாங் ஊருக்குப் போய்விட்டது. கரூர்க்காரரான உங்களுக்கு, ஒரு ஊரே ஒரு தொழிலில் நிற்பதும் அது நகர்ந்து போனால் என்ன ஆகும் என்பதும் நான் விளக்கத் தேவையில்லை.

சில ஆலைகள் இன்னும் ஃபோர்ட் பெயினில் ஓடுகின்றன. வட கரோலினாவிலும் உண்டு. என் விருப்பத்தைக் கேட்டால், ஓவியர் பெயரும் பின்னிய ஊரின் பெயரும் இரண்டும் அட்டையில் இருக்க வேண்டும். டாட்டாங்கில் பின்னியதாக இருந்தாலும் சரி. அங்கே மெஷின் முன்னால் நிற்கிறவரும் அந்தச் சிவப்புக் கண்ணுக்காக ஊசி மாற்றியிருக்கிறார்.

அப்பாவுக்குத் தம்பி வாங்கித் தந்த லூன் பறவை சாக்ஸ். தினமும் போட்டுப் போட்டுக் குதிகாலில் ஓட்டை. தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார். தைத்தால் நிற்குமா?
வாசகி, தஞ்சாவூர்

நிற்கும். ஓட்டையை இழுத்துச் சேர்த்துத் தைக்காதீர்கள், முடிச்சு உறுத்தும். ஒரு பழைய பல்பையோ எலுமிச்சம்பழத்தையோ குதிகாலுக்குள் வைத்து, ஓட்டையைச் சுற்றி நல்ல பின்னல் இருக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் நெடுக்கில் நூல் ஓட்டி, அப்புறம் குறுக்கில் ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாக, பாய் முடைவது போல் நெய்துகொண்டே வாருங்கள். நூலை இறுக்க வேண்டாம். குதிகால் தனி நிறமாக இருக்கும், அதே நிறம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, சிவப்பு நூல் எடுங்கள். கண்ணோடு சேரும்.